கணக்கு யார் கையில்?

"மேகக் கணினி இல்லாமல் இனித் தொழில் இல்லை" என்று சிறுதொழில் செய்வோரிடம் ஆசை காட்டுகிறார்கள். மேகம் வானத்தில் இல்லை. அடுத்தவர் கணினியை வாடகைக்கு எடுப்பதுதான் அது.

ஒரே பட்டறை, ஒரே கணக்கர் என்றால் ஒரு கணினியும் தனி வன்தட்டும் போதும். இரண்டு ஊரில் கிளை இருந்தால் வாடகை உதவும்.

ஆனால், 2025 ஜூலையில் நயாரா எனர்ஜி என்ற பெரிய எண்ணெய் நிறுவனத்துக்கே, ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததும் மைக்ரோசாப்ட் சேவையை நிறுத்தியது. டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த பிறகே சேவை திரும்பியது. நம் தோல் பட்டறைக்காரர் எந்த நீதிமன்றம் போவார்?

தலைமுறைகளாக ஏட்டைத் தொடவிடாமல் தடுக்கப்பட்ட மக்கள் நாம். அடமானம் வைக்கச் சொத்தில்லாதவருக்கு வங்கியில் காட்ட இருக்கும் வலுவான சாட்சி விற்பனைக் கணக்குதான். தேவையென்றால் மேகத்தில் வையுங்கள், தோழர்களே. வாரம் ஒரு படி உங்கள் கையிலும் இருக்கட்டும்.