பச்சிளங்குழந்தைக்கு வலிக்காது என்று யார் சொன்னது?

1980-களின் தொடக்கம். இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு சென்றிருந்த இளம் மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்தை ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அறுவை சிகிச்சைக்குப் போன குறைமாதக் குழந்தைகள் திரும்பி வரும்போது மேனி வெளிறி, நாடி தளர்ந்து, மூச்சு மேலோடி வந்தன. அறுவை அரங்குக்குள் போய்ப் பார்த்தபோது காரணம் புரிந்தது. குழந்தை அசையாமலிருக்கத் தசைகளை முடக்கும் மருந்து கொடுத்திருந்தார்கள். வலி தெரியாமலிருக்கப் பெரிதாக ஏதும் கொடுக்கவில்லை.

அன்றைக்குப் பல நாடுகளில் இதுதான் நடைமுறை. நைட்ரஸ் ஆக்சைடு வாயுவோடு தசைமுடக்கி மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் இதற்கு ‘லிவர்பூல் முறை’ என்று பெயரே இருந்தது.

மருத்துவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. வீரியமான வலி நிவாரணிகள் பிஞ்சு உடலின் மூச்சை நிறுத்திவிடக்கூடும் என்ற அவர்களின் பயம் நியாயமானது. அவர்கள் சொன்ன இன்னொரு காரணம்தான் இடறியது. பிறந்த குழந்தையின் நரம்புகளுக்கு மயலின் உறை முழுதாக வளர்ந்திருக்காது, மூளைப் புறணியும் பக்குவப்பட்டிருக்காது, ஆகவே வலி தெரியாது என்றார்கள். அமெரிக்க உளவியலாளர் மர்டில் மெக்ரா குழந்தைகளை ஊசிமுனையால் குத்திப் பார்த்து 1941-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கைக்கு வலு சேர்த்தது.

மயலின் வாதம் கொஞ்சம் யோசித்தாலே உடைந்துபோகும். பெரியவர்களின் உடலில் மந்தமாக நீடிக்கும் வலியைச் சுமந்து செல்பவை ‘சி’ இழைகள். அவற்றுக்கு வாழ்நாள் முழுக்க மயலின் உறை கிடையாது. உறை இல்லாவிட்டால் செய்தி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். குழந்தைக்கோ குதிகாலிலிருந்து மூளைவரை மொத்தத் தூரமே ஒன்றரை அடி! ஆனந்தும் பால் ஹிக்கியும் 1987-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இந்தக் கணக்கையெல்லாம் விரிவாக எடுத்துவைத்தார்கள்.

அதே ஆண்டு ‘லான்செட்’ இதழில் ஆனந்த் குழுவின் ஆய்வு வெளியானது. பிறந்த பிறகு மூட வேண்டிய இதயக் குழாய் மூடாததால் அறுவை சிகிச்சை தேவைப்பட்ட குறைமாதக் குழந்தைகள் 16 பேர். எட்டுக் குழந்தைகளுக்கு வழக்கமான முறை. மற்ற எட்டுக் குழந்தைகளுக்கு அதோடு ஃபென்டனைல் என்ற வலி நிவாரணியும் கொடுக்கப்பட்டது. அழுகையைச் சாட்சியாக ஏற்காத துறையிடம் ஆனந்த் ரத்தத்தைச் சாட்சியாக நிறுத்தினார். ஃபென்டனைல் கிடைக்காத குழந்தைகளின் ரத்தத்தில் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் எகிறின. சர்க்கரையும் லாக்டேட்டும் கூடின. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம்.

எட்டுக் குழந்தைகளுக்கு வலி நிவாரணி தராமல் ஆய்வு செய்யலாமா என்று பிரிட்டனில் கண்டனம் எழுந்தது. ஆய்வுக்கு வெளியே எத்தனையோ குழந்தைகள் அதே நிலையில் அறுக்கப்பட்டுக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. அமெரிக்காவில் 1985-இல் தசைமுடக்கி மட்டும் கொடுத்து அறுவை செய்யப்பட்ட ஒரு குழந்தை சில வாரங்களில் இறந்தது. பின்னர் உண்மையறிந்த தாய் பத்திரிகைக்கு எழுதியது அங்கே புயலைக் கிளப்பியது. 1987-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, பச்சிளங்குழந்தைகளுக்கும் மயக்க மருந்து தர வேண்டும் என்று அறிவித்தது. ஆனந்தும் ஹிக்கியும் 1992-இல் வெளியிட்ட இதய அறுவை ஆய்வில், ஆழ்ந்த மயக்கம் தரப்பட்ட 30 குழந்தைகளில் ஒன்றுகூட இறக்கவில்லை; லேசான மயக்கம் தரப்பட்ட 15 பேரில் நால்வர் இறந்தனர்.

பிழை எங்கே? வலிக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பைப் பேச வராத குழந்தையின் தலையில் சுமத்தியதில்தான். வலிக்கவில்லை என்று உறுதியாகும்வரை வலிக்கிறது என்றே கொண்டிருக்க வேண்டும்.

பிந்தைய ஆய்வுகள் பழைய நம்பிக்கையைத் தலைகீழாக்கின. லண்டனில் மரியா ஃபிட்ஸ்ஜெரால்டு எலிக்குட்டிகளிடம் கண்டது இது: மூளைத்தண்டிலிருந்து இறங்கி வந்து வலியைத் தணிக்கும் நரம்புப் பாதை பிறந்த பிறகே மெல்ல முதிர்கிறது. வலியை ஏற்றும் வழி திறந்திருக்க, அடக்கும் வழி இன்னும் தயாராகவில்லை. 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ரெபேகா ஸ்லேட்டர் குழு, பச்சிளங்குழந்தைகளின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் படம் பிடித்த ஆய்வை வெளியிட்டது. வலியின்போது பெரியவர்களின் மூளையில் விழித்துக்கொள்ளும் 20 பகுதிகளில் 18 குழந்தைகளிடமும் விழித்தன. அதுவும் பெரியவர்களுக்குத் தேவைப்பட்டதைவிட மிக லேசான குத்தலுக்கே.

அந்த வலி அத்தோடு தீர்வதுமில்லை. வலி நிவாரணி இல்லாமல் சுன்னத்து செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், நான்கு முதல் ஆறு மாத வயதில் தடுப்பூசி போடும்போது மற்றவர்களைவிட அதிகம் துடித்ததை கனடாவின் அன்னா டாடியோ 1997-இல் காட்டினார்.

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, சொல்ல முடியாததால் வலி இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் அதன் குறிப்புகளில் சொன்னது. பச்சிளங்குழந்தைகளுக்கு மட்டுமல்ல, மறதி நோயில் பேச்சிழந்த முதியவர்களுக்கும் இது பொருந்தும்.

பெரிய அறுவைகளில் நிலைமை மாறிவிட்டது. குதிகாலில் ரத்தம் எடுப்பது, ஊசி போடுவது போன்ற அன்றாட வேலைகளில்தான் ‘ஒரு நிமிஷம்தானே’ என்ற அலட்சியம் நீடிக்கிறது. தடுப்பூசி போடும்போதோ, அதற்குச் சற்று முன்போ தாய்ப்பால் கொடுக்கலாம், குழந்தையை அணைத்தபடி வைத்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே பரிந்துரைத்துவிட்டது. இதற்குச் செலவே இல்லை. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது, குழந்தையை மடியில் வைத்துப் பால் கொடுத்தபடியே ஊசி போட முடியுமா என்று செவிலியரிடம் கேளுங்கள்.