கிருமி ஆண், பெண் பார்க்கிறது

2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு டிரம்ப் கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்று, ‘உயிரியல் உண்மையை’ மீட்கப்போவதாக முழங்கியது. ஆண், பெண் என்று இரண்டே பால் என அறிவித்தது. அப்படியானால் பால் வேறுபாட்டை ஆராய்பவர்களுக்கு யோகம் அடித்திருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. சில வாரங்களிலேயே, அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஆய்வுத் திட்டங்களைச் சலித்தெடுக்கும் சொற்பட்டியலில் ‘பெண்கள்’ என்ற சொல்லும் இருப்பதாகச் செய்தி வந்தது. ஏப்ரலில், முப்பது ஆண்டுகளாக நடக்கும் பெண்கள் நல ஆய்வின் வட்டார மையங்களுக்கு நிதியை நிறுத்துவதாக அறிவித்த அரசு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கியது. பெண் உடலைப் பற்றி ஆணை போடலாம், ஆய்வு செய்யக் கூடாது என்பதுதான் கொள்கை போலும்.

இந்தக் கூத்துக்கு விலை கொடுக்கப்போவது பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும்தான். 2003இல் ஹாங்காங்கில் சார்ஸ் தாக்கியபோது, நோயுற்ற ஆண்களில் 21.9 சதவீதம் பேர் இறந்தார்கள்; பெண்களில் 13.2 சதவீதம். கொரோனா காலத்தில், 31 லட்சம் தொற்றாளர்களின் விவரங்களைத் தொகுத்து 2020இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. தொற்றியது இரு பாலருக்கும் ஏறக்குறையச் சமமாகத்தான். ஆனால், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு ஆண்களுக்கு 2.84 மடங்கு, இறக்கும் வாய்ப்பு 1.39 மடங்கு. தமிழக அரசின் அன்றாட கொரோனா அறிக்கைகூட ஒவ்வொரு மரணத்துக்கும் வயது, பால், மாவட்டம், இணைநோய் என்று வரிவரியாகப் பதிந்தது. எண்ணத் தெரிந்த நமக்கு, ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆண்கள் புகைக்கிறார்கள், குடிக்கிறார்கள், முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள். இதற்குப் போய் ஹார்மோனைக் காரணம் சொல்வானேன் என்பது வழக்கமான பதில். சுண்டெலி பீடி குடிப்பதில்லை. அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல், கொரோனாவுக்கு முன்பே, சார்ஸ் வைரஸைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினார்கள். ஆண் எலிகள் அதிகம் செத்தன. அவற்றின் நுரையீரலில் அழற்சி செல்கள் கூடுதலாகக் குவிந்திருந்தன. பெண் எலிகளின் சினைப்பையை அகற்றியதும், அல்லது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரஜன் வேலை செய்யாதபடி மருந்தால் தடுத்ததும், அவையும் மடியத் தொடங்கின. ஆண் எலிகளின் விதைகளை அகற்றியதில் மாற்றமே இல்லை. கெடுத்தது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அல்ல, காத்தது ஈஸ்ட்ரஜன். இதற்குமேல் தெளிவாக ஓர் ஆய்வு பேச முடியுமா?

ஹார்மோன் சிகிச்சையைச் சோதித்துத் தோற்றாயிற்றே என்பார்கள் சிலர். எதைச் சோதித்தார்கள்? ஆண் ஹார்மோனை ஒடுக்கும் டெகாரெலிக்ஸை அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் கொரோனா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், பயனில்லை. அயோவா எலிகள் சொன்னதும் அதைத்தானே! எதிர்ப்பக்கத்துச் சான்று ஒன்றும் உண்டு. 2009 பன்றிக்காய்ச்சலில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில், ஈஸ்ட்ரஜன் மிகுந்திருக்கும் கர்ப்பிணிகள் முக்கியமானவர்கள். கர்ப்பத்தில் ஹார்மோன் மட்டுமா மாறுகிறது, நுரையீரலுக்கான இடமே குறைகிறது. கிருமியும் ஹார்மோன் அளவும் மாறினால் விளைவும் மாறலாம் என்பது மேலும் ஆராயச் சொல்லும் காரணமே தவிர, ஆய்வைக் கைவிடச் சொல்லும் காரணமல்ல. உடலைப் பேசுவதே பிற்போக்கு என்று முகம் சுளிக்கும் முற்போக்காளர்களுக்குத் தனியாகப் பதில் சொல்லத் தேவையில்லை. பிணவறைக் கணக்கே போதும்.

இரு பாலரையும் ஒரே கணக்கில் போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூக்க மாத்திரை ஜோல்பிடெம் சாட்சி. அமெரிக்காவில் 1992இல் ஒப்புதல் பெற்றது. பெண்களின் உடலில் அது மெதுவாகவே வெளியேறுகிறது என்பதால் அவர்களுக்குப் பரிந்துரைக்கும் அளவை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பாதியாக்கியது 2013இல்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல்! தூக்க மாத்திரைக்கு இப்படியென்றால், மூச்சுத்திணறும் நோயாளிக்கு? இனி எந்த நாடானாலும், ஆண், பெண் முடிவுகளைத் தனித்தனியே காட்டாத எந்தச் சுவாசநோய் மருந்துக்கும் தடுப்பூசிக்கும் உரிமம் தரக் கூடாது. இந்தியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த விதியை இப்போதே கொண்டுவர வேண்டும். அடுத்த பெருந்தொற்று வந்த பிறகு விதி எழுத உட்கார்ந்தால், அதற்குள் சாகிறவர்களின் பழி கிருமி மேல் மட்டும் விழாது.