வக்கீல் இலவசம், பலகை எங்கே?

வாசலில் கோர்ட்டு சேவகர் வந்து நிற்கிறார். கையில் சம்மன். கணவனை இழந்த ஒரு பெண் கையெழுத்துப் போட்டு அதை வாங்குகிறாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அவளுக்குப் புரியவில்லை. "வீட்டு மனை" என்ற சொல் மட்டும் கண்ணில் படுகிறது. வயிறு கலங்குகிறது.

அவள் யாரிடம் போவாள்? பக்கத்து வீட்டுக்காரரிடம் போவாள். அவர், "எனக்குத் தெரிந்த ஒருத்தர் இருக்கிறார்" என்பார். அந்த ஒருத்தர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். காகிதத்தைப் புரட்டிப் பார்ப்பார். "ஐயாயிரம் கொடுத்துடுங்கம்மா. மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்பார். காதில் கிடக்கும் கம்மல் அடகுக் கடைக்குப் போகும்.

தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய கதைதான் இது.

ஆனால் அந்தப் பெண் ஒரு காசு கூடக் கொடுக்க வேண்டியதில்லை! சட்டமே அவளுக்கு ஒரு வக்கீலை இலவசமாகத் தருகிறது. இன்று நேற்று வந்த ஏற்பாடு அல்ல இது. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 1995-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி நடைமுறைக்கு வந்தது.

யார் கேட்கலாம்?

பெண்கள் எல்லோரும் கேட்கலாம். "ஏழைப் பெண்களுக்கு மட்டும்தானே?" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. சித்தாள் வேலை செய்பவரும் கேட்கலாம். பள்ளிக்கூட டீச்சரும் கேட்கலாம். குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், வெள்ளத்திலும் பூகம்பத்திலும் வீடு வாசல் இழந்தவர்கள், சிறையில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் இந்த உரிமை உண்டு. மற்ற ஆண்களுக்கு மட்டும் வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும்.

கோர்ட்டுக் கட்டணம், நகல் எடுக்கும் செலவு, வக்கீல் கட்டணம் எல்லாவற்றையும் ஆணைக்குழுவே ஏற்றுக் கொள்ளும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒன்று வேண்டும். இப்படி ஒரு வசதி இருப்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும்!

ஆபீஸ் எங்கே இருக்கிறது? தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழு உண்டு. அது கோர்ட்டு வளாகத்துக்குள் இருக்கும். மாவட்ட ஆணைக்குழுவும் மாவட்டக் கோர்ட்டு வளாகத்தில்தான். பலகையும் அங்கேதான் தொங்கும். கோர்ட்டு வாசலை மிதிக்கவே பயந்து டீக்கடைக்குப் போகிறவளுக்கு, கோர்ட்டுக்குள்ளே தொங்கும் பலகையால் என்ன பயன்? மருந்துக் கடையை ஆஸ்பத்திரியின் மொட்டை மாடியில் வைத்த மாதிரி அல்லவா இருக்கிறது!

"கேட்டால் கொடுக்கத் தயாராக இருக்கிறோமே" என்று அதிகாரிகள் சொல்லலாம். இதற்கு சுப்ரீம் கோர்ட்டே 1986-ம் ஆண்டில் பதில் சொல்லிவிட்டது.

அது அருணாசலப் பிரதேசத்தில் நடந்த ஒரு வழக்கு. ஒரு என்ஜினீயரை மிரட்டியதாக அரசு ஊழியர் ஒருவர் மீது குற்றச்சாட்டு. வக்கீல் வைக்க அவரிடம் பணம் இல்லை. இலவச வக்கீல் கிடைக்கும் என்பதும் தெரியாது. அதனால் கேட்கவில்லை. சாட்சிகளைத் தாமே குறுக்கு விசாரணை செய்யப் பார்த்தார். முடியுமா? இரண்டு ஆண்டு தண்டனை கிடைத்தது.

வழக்கு டெல்லி வரை போனது. தலைமை நீதிபதி பகவதி தண்டனையை ரத்து செய்தார். அவர் கேட்கவில்லையே என்று காரணம் சொல்லி வக்கீல் தராமல் இருக்க முடியாது, இப்படி ஒரு உரிமை இருப்பதை எடுத்துச் சொல்ல வேண்டியது விசாரிக்கிறவரின் கடமை என்பதுதான் தீர்ப்பு. எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் நிறைந்த நாட்டில், தெரியாத உரிமையை எப்படிக் கேட்பார்கள்?

அது கிரிமினல் வழக்கு. ஆனால் அந்த நியாயம் வீட்டு மனை வழக்குக்கும் ஜீவனாம்ச வழக்குக்கும் பொருந்தாதா?

ஆகவே சர்க்கார் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. பலகையைக் கோர்ட்டுக்கு வெளியே கொண்டு வர வேண்டும். ரேஷன் கடையில் மாட்டலாம். பஸ் நிலையத்தில் மாட்டலாம். பத்திரப் பதிவு ஆபீசில் மாட்டலாம். எல்லாவற்றையும் விட முக்கியம் சம்மன் காகிதம்தான். ஒவ்வொரு சம்மனின் தலைப்பிலும் பெரிய தமிழ் எழுத்தில் ஒரு வரி அச்சடிக்க வேண்டும்: "வக்கீல் வைக்க வசதி இல்லையா? 15100-க்கு போன் செய்யுங்கள்." பயம் எந்தக் காகிதத்தில் வருகிறதோ, அதே காகிதத்தில் தைரியமும் வரட்டும்.

"எல்லாம்தான் செல்போனில் இருக்கிறதே" என்று படித்த பிள்ளைகள் சொல்வார்கள். உண்மைதான். பட்டா, வில்லங்கம், வழக்கின் அடுத்த வாய்தா எல்லாவற்றையும் அரசு இணையதளங்களில் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் எதைத் தேடுவது என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது உதவும். பாட்டிக்கு உட்கார்ந்து தேடிக் கொடுக்கிற பேரப்பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்களா?

இலவச வக்கீல் சரியாக வாதாடுவாரா என்ற சந்தேகமும் மக்களுக்கு இருக்கிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆணைக்குழு கொடுக்கும் கட்டணம் குறைவு. எல்லோரும் ஒரே மாதிரி அக்கறை காட்ட மாட்டார்கள். ஆனால் அந்த வக்கீல் கட்சிக்காரரிடம் தனியாகப் பணம் வாங்கக் கூடாது. வாங்கினால், அல்லது வாய்தாவுக்கு வராமல் இருந்தால், ஆணைக்குழுவிடமே புகார் செய்யலாம். வேறு வக்கீல் கேட்கலாம். டீக்கடைக்காரர் ஏமாற்றினால் யாரிடம் போய்ப் புகார் செய்வது?

மக்கள் நீதிமன்றம் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு தரப்பும் சம்மதித்தால் அங்கே வழக்கு முடிந்துவிடும். கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த முடிவின் மேல் அப்பீல் கிடையாது. ஒருமுறைக்கு இருமுறை யோசித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

சிவில் வழக்கில் சம்மன் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் கொடுக்க வேண்டும். கோர்ட்டு இடம் கொடுத்தால் 90 நாள் வரை நீளலாம். பேசாமல் பெட்டிக்குள் பூட்டி வைத்தால், ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பாகிவிடும். எத்தனையோ மனைகள் இப்படித்தான் கைமாறியிருக்கின்றன.

சம்மனை எடுத்துக்கொண்டு நேராகத் தாலுகா கோர்ட்டுக்குப் போகலாம். "சட்டப்பணிகள் குழு எங்கே?" என்று கேட்டால் போதும். மனு எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம். அங்கே இருப்பவர்கள் எழுதிக் கொள்வார்கள். தமிழில் சொன்னால் போதும். அதற்கும் கட்டணம் இல்லை.