பெட்டைக் குட்டியை வீதியில் விடும் நகரம்: கண்டி மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை நடந்த ஸ்ரீ தலதா வந்தனத்துக்கு முன்பாகக் கண்டி வீதிகளில் திரிந்த நாய்கள் பிடித்து அகற்றப்பட்டதை இந்த நகரம் மறந்திருக்காது. அவற்றில் பல ஏற்கனவே கருத்தடை செய்யப்பட்டு, விசர்நாய்த் தடுப்பூசியும் போடப்பட்டவை என்று விலங்கு நல ஆர்வலர்கள் எடுத்துச் சொன்னார்கள். கொழும்பு வரை எதிர்ப்பு எழுந்தது. பெரிய விழா ஒன்று நெருங்கும் ஒவ்வொரு முறையும் இதே பேச்சு இங்கே கிளம்புகிறது. எசல பெரஹெராவுக்கு முன்னரும் கிளம்பும். கண்டி, கட்டுகஸ்தோட்டை, பேராதனை, குண்டசாலைப் பகுதிகளில் நாய் பூனை வளர்க்கும் நாங்கள் சிலர் கூடிப் பேசி இந்த வேண்டுகோளை எழுதுகிறோம். பிடித்துக்கொண்டு போனவர்களைக் கண்டித்துப் போதுமான அளவு பேசியாயிற்று. அந்த நாய்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பற்றி நாம் பேசவில்லை. அவையோ அவற்றின் தாய்களோ நமது வீடுகளிலிருந்து போனவை. வைத்தியச் செலவுக்குப் பயந்து நாம் எடுத்த, எடுக்கத் தவறிய முடிவுகளே நாலு காலில் வீதியில் நிற்கின்றன.

கணக்கு எளிமையானது. ஒரு பெட்டை நாய் ஆறேழு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். வருடத்தில் இரண்டு ஈற்று, ஈற்றுக்கு ஐந்து குட்டி என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், கருத்தடை செய்யாத பத்துப் பெட்டை நாய்கள் உள்ள ஒரு வட்டாரத்தில் வருடத்துக்கு நூறு குட்டிகள். கடுவன் குட்டிகளுக்கு எப்படியோ வீடு கிடைத்துவிடுகிறது. பெட்டைக் குட்டிகளைச் சாக்கிலும் அட்டைப் பெட்டியிலும் வைத்துச் சந்தைக்குப் பின்னால், விகாரை வாசலில், கோயில் வீதியில், உடவத்தைக்கலைக் காட்டோரத்தில், கோஹாகொட குப்பைமேட்டுப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள். யாராவது எடுத்து வளர்ப்பார்கள் என்று சொல்லிக்கொள்வது மனதை ஆற்றிக்கொள்ளத்தான். பெரும்பாலானவை பசியாலும் பார்வோ நோயாலும் வாகனத்தில் அடிபட்டும் சாகின்றன. பிழைத்த பெட்டை, எட்டாம் ஒன்பதாம் மாதத்தில் தானே ஈன ஆரம்பிக்கிறது.

இதைத் தடுக்கப் பலர் தேடிக்கொண்டிருக்கும் மலிவான வழிதான் எங்களை மிகவும் கவலைப்படுத்துகிறது. குட்டி போடாமலிருக்க ஓர் ஊசி. பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் போடும் அதே வகை ஹார்மோன் மருந்து. டெப்போ என்று பேச்சில் வழங்குவது. வைத்தியரே இல்லாத ஒருவர் வீட்டுக்கு வந்து, நாயின் எடையையும் பார்க்காமல், அது பருவத்தில் இருக்கிறதா, ஏற்கனவே சினையா என்றும் கேட்காமல் குத்திவிட்டுப் போகிறார். சத்திரசிகிச்சைக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் வாங்குகிறார். ஆகவே இலாபம் என்று தோன்றுகிறது. அந்த ஹார்மோன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்து, கிருமி தங்க இடம் கொடுக்கிறது. திரும்பத் திரும்பப் போட்டால் கருப்பையில் சீழ் கட்டுகிறது. முலைக்கட்டிகள் வரும் வாய்ப்பும் கூடுகிறது. பருவம் முடிந்து சில வாரங்களில் நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், சாப்பாட்டை விடும், சோர்ந்து படுக்கும். சிலவற்றுக்குப் பின்பக்கத்தில் சீழ் வடியும். வாய் மூடிய கருப்பையாக இருந்தால் வடிதல்கூட வெளியே தெரியாது. அதற்குப் பிறகு அதே கருப்பையை அவசரமாக எடுத்தாக வேண்டும். ஆனால் இப்போது சத்திரசிகிச்சை மேசையில் கிடப்பது நஞ்சேறிய, சிறுநீரகம் தளர்ந்த ஒரு பிராணி. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், சேலைன், நாட்கணக்கில் அன்டிபயோட்டிக் என்று முதலில் செய்திருக்கக்கூடிய சாதாரணக் கருத்தடையைப்போலப் பல மடங்கு செலவாகிறது. அவ்வளவு செலவழித்தும் எல்லாம் பிழைப்பதில்லை. செலவழிக்க முடியாதவர்கள் நாயைக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். ஊசிக்காரர் அந்த நேரத்தில் தொலைபேசியை எடுப்பதில்லை. இந்த நகரத்தில் செல்லப் பிராணிகளுக்காக வீணாகும் பணத்தில் பெரும் பங்கு இப்படிப்பட்ட மலிவுகளால் வீணாகிறது என்பதே எங்கள் உறுதியான கருத்து. முதற்பருவத்துக்கு முன்னரோ அதையொட்டியோ ஒரு தடவை முறையாகச் செய்யும் கருத்தடை, சீழ்க் கருப்பையை அறவே இல்லாமலாக்கி, முலைக்கட்டி அபாயத்தையும் வெகுவாகக் குறைக்கிறது. அதற்குச் சேர்க்கும் பணம் செலவுக் கணக்கில் வராது, சேமிப்பில் வரும்.

சத்திரசிகிச்சை ஏழைக்கு எட்டவில்லையே என்பது நியாயமான மறுப்பு. 2022இல் சில வாரங்களுக்குள் டொலரின் விலை 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. வருட ஆரம்பத்தில் 8 சதவீதமாக இருந்த வற் வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. மயக்க மருந்து, தையல் நூல், தடுப்பூசி, பரிசோதனைப் பொருட்கள் எல்லாம் இறக்குமதி. பல இளம் மிருக வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் கிளினிக் நடத்துபவரைக் கொள்ளைக்காரர் என்று பேசுவது அநியாயம். அப்படிப் பேசுவோரோடு நாங்கள் இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. ஆலோசனைக் கட்டணம், கருத்தடை, தடுப்பூசி, உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பூச்சுப் பரிசோதனை ஆகிய நான்குக்குமாவது கட்டணத்தை எழுதிச் சுவரில் மாட்டுங்கள். விலை தெரியாத பயமே பலரை ஊசிக்காரரிடம் அனுப்புகிறது. உள்ளே போனால் எவ்வளவு ஆகுமோ என்று வாசலிலிருந்தே திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

வைத்தியரைத் தேர்ந்தெடுப்பதில் நம் மக்கள் காட்டும் அலட்சியம் இன்னொரு வேதனை. தங்க நகை வாங்கக் கடை கடையாய் ஏறி இறங்குகிறவர்கள், நாய்க்கு ஊசி போட முதலில் அகப்படுகிறவரை அழைக்கிறார்கள். 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி, மிருக வைத்தியத் தொழில் செய்வோர் இலங்கை மிருக வைத்தியர் சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்பது அவமதிப்பாகாது. பதிவு பெற்றவர் அதைச் சந்தோஷமாகச் சொல்வார். தயங்குகிறவர் யாரென்று உங்களுக்கே புரியும். மாட்டுக்குச் சினையூசி போடும் கால்நடை உத்தியோகத்தரும், மருந்துக் கடையில் நிற்பவரும் தங்கள் தொழிலில் கெட்டிக்காரராக இருக்கலாம், ஆனால் வைத்தியராகிவிட மாட்டார்கள். பாமசியில் சொன்னார்கள் என்று பூனைக்குப் பெனடோல் கொடுப்பவர்கள் இன்றும் உண்டு. ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும், ஏனெனில் அதன் ஈரலால் அந்த மருந்தை உடைக்க முடியாது. நாய்க்கென்று விற்கும் சில உண்ணி மருந்துகளும் பூனைக்கு நஞ்சு. இந்த மரணங்களுக்குக் காரணம் வறுமை என்று சொல்ல முடியாது. யாரிடம் கேட்பது என்பதைத் தவறாகத் தீர்மானித்ததே காரணம்.

நல்ல வைத்தியர் கேள்வி கேட்டால் கோபிக்க மாட்டார். இந்தப் பரிசோதனையின் முடிவு சிகிச்சையை மாற்றுமா, இன்றே செய்யாவிட்டால் என்ன ஆபத்து, மொத்தம் ஏறக்குறைய எவ்வளவு, குறைந்த செலவில் வேறு வழி உண்டா, இரவில் மோசமானால் யாரைக் கூப்பிடுவது என்று சிகிச்சை தொடங்குமுன் கேளுங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை வேறிடம் போக நேர்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது. சாதாரண நோய்க்கு உங்கள் பிரதேசத்து அரச மிருக வைத்திய அலுவலகம் இருக்கிறது. மாடு ஆட்டுக்கு மட்டும்தான் அது என்ற எண்ணத்தில் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. சிக்கலானவற்றுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. நாட்டிலேயே மிருக வைத்தியர்களை உருவாக்கும் ஒரே பீடம் நமக்கு ஓட்டோ தூரத்தில் உள்ளது. மாணவர்கள் பார்ப்பார்கள், காத்திருக்க வேண்டும் என்று முகம் சுளிக்கிறார்கள். அங்கே மாணவருக்குப் பின்னால் ஆசிரியர் நிற்கிறார். அந்த வசதி யாழ்ப்பாணத்தாருக்கோ மட்டக்களப்பாருக்கோ இல்லை.

தடுப்பூசியிலும் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒரு பக்கம், பெருந்தொகை கொடுத்து ஹஸ்கியும் ஜேர்மன் ஷெப்பர்டும் வாங்கிவிட்டு, ஆறு எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறாம் வாரம் வரை போட வேண்டிய குட்டித் தடுப்பூசித் தொடரைப் பாதியில் விடுகிறார்கள். பிறகு பார்வோ வருகிறது. ஒரு வாரச் சேலைன் செலவு முழுத் தொடரையும் விழுங்கிவிடுகிறது. மறு பக்கம், வளர்ந்த நாய்க்கு எல்லா ஊசியும் வருடா வருடம் கட்டாயம் என்று நினைத்து, செலவைத் தாங்காமல் எல்லாவற்றையுமே கைவிடுகிறார்கள். சர்வதேச வழிகாட்டல்களின்படி பார்வோ, டிஸ்டெம்பர் போன்றவற்றுக்கு முதல் வருட பூஸ்டர் ஊசிக்குப் பின் மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். எலிக்காய்ச்சல் ஊசி வருடாந்தம். விசர்நாய் ஊசியை இங்கே வருடாந்தம் போட வேண்டும், பொதுச் சுகாதார மிருக வைத்தியப் பிரிவு அதை இலவசமாகவே போடுகிறது. எது அவசியம், எதைத் தள்ளிப் போடலாம் என்று வைத்தியரிடம் கேட்டால் வருடச் செலவு கணிசமாகக் குறையும். உண்ணிக் காய்ச்சலிலும் இதே கதை. முதல் காய்ச்சலிலேயே இரத்தப் பூச்சு பார்த்தால் முடிகிற விடயம், ஈறு வெளுத்து விழுந்த பிறகு இரத்தமேற்றலில் போய் நிற்கிறது.

மனிதர்களுக்கே மருந்தில்லாத நாட்டில் நாய்க்கென்ன என்று கேட்பவர்களை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2023இல் இந்நாட்டில் நான்கில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார். ஆனால் இந்தக் கேள்வியின் பதில் மனித உயிர்களிலேயே இருக்கிறது. 1973இல் இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. கடிபட்டவருக்குக் கொடுக்கும் ஊசியும் நாய்க்குப் போடும் ஊசியும் சேர்ந்து சாதித்தது இது. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பவர் அநேகமாக இல்லை. கடிபட்டவர்கள் அரச வைத்தியசாலையில் பெறும் இலவச ஊசிக்கான பணமும் நமது வரிப்பணம்தான். தோட்ட லயத்தில் ஓடியாடும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் தடுப்பூசி போடாத நாய் இருந்தால், நாய்க்குச் செலவழிக்காத பணம் எங்கே போய் முடியும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பிடித்து அகற்றினால் தீரும் என்போருக்கும் ஒரு சொல். 2006இல் கொல்லாக் கொள்கை அறிவிக்கப்படுவதற்கு முன் பல பத்தாண்டுகள் வீதி நாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். நாய்கள் தீர்ந்தனவா? குப்பை கிடக்கும் சந்திக்கு வேறு நாய் வரும். கருத்தடையும் ஊசியும் கண்ட நாயை எடுத்துவிட்டால், அந்த இடத்துக்கு வருவது இரண்டுமே காணாத நாய். அகற்றுவதற்குப் பதிலாகப் பயன்படுத்தச் சட்டமும் உண்டு: 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது; நாயைப் பதிந்து அடையாளம் கொடுக்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றத்துக்கு உண்டு. ஆனால் விலங்குக் கொடுமைக்கு 1907ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த தண்டப்பணம் வெறும் 100 ரூபாய். 2006இல் சட்ட ஆணைக்குழு வரைந்த விலங்கு நலச் சட்டமூலம் இத்தனை வருடமாக இழுபடுகிறது.

2025 மே 6இல் நாம் வாக்களித்துத் தெரிவு செய்த மாநகர சபையிடம் நாங்கள் கேட்பது பெரிதல்ல. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில், விழாக்கால அகற்றலுக்கு வெளியே, மாதந்தோறும் ஒரு வட்டாரத்தில் பெட்டை நாய்க்கும் பூனைக்கும் கருத்தடை முகாம் நடத்தத் தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள். பேராதனைப் பீடத்தோடும் தனியார் வைத்தியர்களோடும் பேசிச் செய்யுங்கள். மஹியாவையையும் ஹந்தானைத் தோட்டங்களையும் கடைசியில் வைக்காதீர்கள். வட்டார உறுப்பினர் வீட்டு வாசலுக்கு வரும்போது தெருவிளக்கோடு இதையும் கேட்பது வாக்காளரின் வேலை. மரணாதார சங்கமும் சீட்டும் நடத்தத் தெரிந்த நமக்கு, பத்து வீடுகள் சேர்ந்து மாதம் ஒரு சிறு தொகை போட்டு, முறை வைத்து ஒவ்வொரு பெட்டையாகச் சத்திரசிகிச்சைக்கு அனுப்புவது முடியாத காரியமா? ஒரே நாளில் பல பிராணிகளைக் கொண்டுவந்தால் கட்டணத்தைக் குறைக்கத் தயாரான வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஓட்டோ செலவும் பங்காகும்.

அதுவரை ஊசிக்காரரை வீட்டுக்குள் விடாதீர்கள். உங்கள் பெட்டை நாய்க்கு இந்த மாதமே ஒரு பதிவு பெற்ற வைத்தியரிடம் நாள் எடுங்கள். நாள் எடுக்காமல் விட்டு, குட்டி போட்ட பிறகு எங்கே கொண்டுபோய் விடலாம் என்று எங்களிடம் கேட்டு வராதீர்கள். எங்களிடம் இடமில்லை, இந்த நகரத்திலும் இல்லை.