தச்சுப் பட்டறையும் பழைய மனைகளும்

நம் கல்லூரியன்னையின் யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, உளியும் சீவுளியும் பழகிய கைக்கு எழுதுகோல் இசையுமோ என யாம் தயங்கினோம். மருத்துவரும் வழக்கறிஞரும் பொறியியலாளரும் எழுதும் மலரிலே, பழைய கட்டடங்களைத் திருத்தும் தச்சுப் பட்டறை ஒன்றை நடத்துவோர்க்கும் சொல்லத்தக்க பொருள் உண்டு என்னும் துணிவினாலேயே இதனை எழுதலானோம்.

சுருங்கக் கூறின் எமது கருத்து இது: பழைய மனைகளுக்கு மழையினும் கறையானினும் பெரும் பகை அவசரத் திருத்தமே. ஆதலால் இத்தகைய பட்டறையை நடத்துவோர் கணக்கிற் கொள்ளவேண்டிய முதற்பொருள் காலமாகும்.

நம் யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை எடுத்துக்கொள்வோம். நடுவே முற்றம், சுற்றிலும் விறாந்தை, விறாந்தைக் கூரையைத் தாங்கும் மரத்தூண்கள், மேலே பனங்கைமரங்கள், அவற்றின்மேல் ஓடு. தூண் முதலிற் கெடுவது அடியிலேதான். மரத்தின் குறுக்குவெட்டு முகம் நீரை விரைவில் உறிஞ்சும் இயல்பினது. அடியில் ஒரு முழம் உக்கியிருப்பினும் எஞ்சிய பகுதி வைரம் பாய்ந்து நிற்பதைப் பலமுறை கண்டுள்ளோம். ஒப்பந்தக்காரர் பலர் முழுத்தூணையும் அகற்றிவிட்டுக் கொங்கிறீற்றுத் தூண் நிறுத்துவர். நல்ல தச்சரோ உக்கிய முழத்தை மட்டும் அறுத்து நீக்கி, அதே இன மரத்தில் அடித்துண்டு செய்து, இரண்டையும் சாய்வாக வெட்டிப் பொருத்தி, மர முளை அடித்து இறுக்குவர். இரும்பாணி நம் கடற்காற்றிலே துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். மர முளை மரத்தோடு மரமாக நிற்கும்.

இவ்வேலைக்கு நான்கு நாட் செல்லும். "ஒரு தூணுக்கு நான்கு நாட் கூலியோ?" என வீட்டுக்காரர் வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும் அவருடைய பாட்டனார் வன்னிக் காட்டு முதிரையில் நிறுத்திய தூணுக்கு ஒப்பான மரத்தை இன்று தேடிப் பெறுதல் எளிதன்று. அதனையும் கணக்கிற் சேர்ப்பின் அந்நான்கு நாட் கூலி மலிவேயாகும்.

எமது பிழை ஒன்றையும் மறையாது கூறுவோம். ஒரு வீட்டிலே திருமணம் நெருங்கியது. விறாந்தைத் தூண்களை விரைந்து முடித்துத் தருமாறு வேண்டினர். நன்கு உலராத மரம் என்பதை அறிந்தும் யாம் இசைந்தோம். எமது மூத்த தச்சர் தடுத்தார். அவர் சொல்லைக் கேளாதுவிட்டோம். திருமணம் சிறப்புற நடந்தது. அடுத்த சித்திரை வெயிலில் மரம் சுருங்கிற்று. துளையிற் பொருந்தியிருந்த முனைகள் தளர்ந்து ஆடின. எம் செலவிலேயே அனைத்தையும் கழற்றி மீளச் செய்தோம். அன்று தொட்டு, வேலை வருமுன்னரே மரம் வாங்கி, நிழலிலே காற்றோட்டமாக அடுக்கி வைத்தல் எமது பட்டறையின் விதியாயிற்று. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது தச்சர் கொள்ளும் பொதுக் கணக்கு. அடுக்கிய மரம் உறங்கும் பணமே. அவ்வாறு பணத்தை உறங்கவிடத் துணியாதோர் இத்தொழிலுக்கு வருதல் ஆகாது.

விலைமதிப்பும் இவ்வாறே. ஓட்டைக் கழற்றிப் பார்க்குமுன் எத்தனை கைமரம் உக்கியுள்ளது என எவரும் சொல்ல இயலாது. ஆகவே திறந்து பார்க்கும் வேலைக்கு ஒரு விலையும், பார்த்தபின் திருத்தத்துக்கு வேறொரு விலையும் கூறுவதே நேர்மை. முழுவதற்கும் முன்கூட்டியே மிகக் குறைந்த விலை கூறுவோருக்கு வேலையைக் கொடுக்கும் வழக்கம், கெட்டதை மறைத்துப் பூசிவிடும் வேலையையே வளர்க்கும். சுவரிற் புதைந்த வளைமுனையைச் சீமெந்தால் அடைத்துவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே உக்கும். வெளியே சுவர் அழகாகத் தோன்றும்.

இவ்விடயத்தில் உலகறிந்த நெறிகளும் உள. 1964 ஆம் ஆண்டில் வெனிசு நகரிற் கூடிய கட்டடக்கலை வல்லுநர், ஊகம் தொடங்கும் இடத்திலே மீளமைப்பு நின்றுவிடல் வேண்டுமெனவும், புதிதாகச் சேர்த்த பகுதி முழுமையோடு இசைந்தும் பழையதினின்று பிரித்தறியத்தக்கதாயும் இருத்தல் வேண்டுமெனவும் வகுத்தனர். எமது பட்டறையிலே புதிய துண்டு ஒவ்வொன்றின் மறைமுகத்திலும் ஆண்டினைச் செதுக்கி விடுகின்றோம். நாளை அதனைக் கழற்றும் தச்சர் ஏமாறுதல் கூடாதன்றோ?

எல்லாவற்றினும் அரிது ஆள். ஜப்பான் நாட்டின் ஈசே ஆலயத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுவர். இறுதியாக 2013 ஆம் ஆண்டிற் கட்டினர். இளையோர் முதியோரிடம் கற்பதற்கு இருபது ஆண்டு ஏற்ற இடைவெளி. நம்மிடமோ அத்தகைய ஒழுங்கு யாதும் இல்லை. மூத்த தச்சர் ஒருவர் மறையும்போது அவர் கை அறிந்த பொருத்துகளும் அவரோடு மறைகின்றன. பழகுநர் சிலர் வருகின்றனர். உளி தீட்டும் முதலாண்டிலேயே பலர் விலகிவிடுகின்றனர். அவர்களைக் குறை கூறோம். கற்கும் காலத்துக்கும் வாழத்தக்க கூலி கொடுத்தல் எம்போன்றோர் கடன். அக்கூலியைத் தாங்கும் விலையைக் கொடுத்தல் வேலை தருவோர் கடன்.

"போரிலே வீடிழந்தோர் மிகுந்த நாட்டில், மரத்துக்கு இத்துணைக் கவலையோ?" என்பாரும் உளர். வாழும் மக்களினும் மரம் பெரிதன்று. ஒழுகாத வீடு எவர்க்கும் முதலில் வேண்டும். பழைய வீடு அனைத்தையும் காத்தல் இயலவும் இயலாது. ஆயின் காத்தலிற் பெரும்பகுதி செலவற்றது. ஐப்பசி மழைக்கு முன் பீலியைத் துப்புரவாக்கி, உடைந்த ஓட்டை மாற்றினாலே கூரைமரம் பல ஆண்டு நிற்கும்.

பழைய மாணவ அன்பர்களே! உங்களுட் பலர் கடல் கடந்து வாழ்கின்றீர்கள். உங்கள் முன்னோர் வீடுகள் இங்கே பூட்டிக் கிடக்கின்றன. அவ்வீடுகளின் செதுக்குக் கதவுகளும் நிலைகளும் தூண்களும் கழற்றி விற்கப்படுவதை யாம் கண்டு வருகின்றோம். இடிக்குமாறு தொலைபேசியிற் சொல்லுமுன், தச்சர் ஒருவரை அனுப்பி ஒருமுறை பார்ப்பியுங்கள். மாணவச் செல்வங்களே! நல்லூர் மந்திரிமனைக்குச் சென்று அதன் மரவேலையை நின்று நோக்குங்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், காக்கப்பட்ட சின்னங்களிலே அனுமதியின்றிக் கைவைத்தலைத் தடுக்கும். ஆனால் சட்டம் உளி பிடிக்காது. உளி பிடிக்கும் கைகள் உங்களுள்ளிருந்தும் வருதல் வேண்டும்.

இவ்யூபிலி ஆண்டிலே நம் கல்லூரி, பழைய வாங்கு ஒன்றையேனும் எறியாது திருத்தக் கற்பிக்கும் சிறு தச்சுக்கூடம் ஒன்றை அமைக்குமாயின், எமது மூத்த தச்சரை முதலாசிரியராக அனுப்ப யாம் ஆயத்தமாயுள்ளோம். கல்லூரியன்னை நீடு வாழ்க!