எரிபொருள் திருட்டு: மெக்சிகோ நிலவரம் குறித்து எங்கள் நிலைப்பாடு

2019 ஜனவரி 18 மாலை, மெக்சிகோவின் இதால்கோ மாநிலத்தில் த்லாவெலில்பான் ஊர்ப்புறக் குதிரைமசால் வயலில், துளையிடப்பட்ட பெட்ரோல் குழாய் வெடித்தது. வாளியும் கேனுமாக எண்ணெய் பிடிக்க வந்தவர்களில் 137 பேர் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே ராணுவத்தினர் வந்திருந்தார்கள்; எண்ணெய் ஓட்டம் உடனே நிறுத்தப்படவில்லை. இருந்தும், திருடப் போய்ச் செத்தவர்கள் என்ற பேச்சுதான் முதலில் கிளம்பியது. அந்தப் பேச்சை நாங்கள் ஏற்கவில்லை.

மெக்சிகோ நகரத்தின் சாக்கடை நீரில் பயிர் விளையும் மெஸ்கித்தால் பள்ளத்தாக்கில்தான் த்லாவெலில்பான் இருக்கிறது. நகரத்தின் கழிவு வயலுக்கு வருகிறது. பெட்ரோலோ மண்ணுக்கடியில் ஊரைக் கடந்து போய்விடுகிறது. 2017 தொடக்கத்தில் பெட்ரோல் விலை ஒரே மூச்சில் 20 விழுக்காடு வரை ஏறியது. அடுத்த ஆண்டின் கடைசியில், திருட்டைத் தடுக்கவென்று அப்போதைய அதிபர் லோபஸ் ஒப்ரதோர் குழாய்களை மூடவைத்ததும் பங்க்குகள் வறண்டன. அந்த நேரத்தில் ஊரோரம் பெட்ரோல் பீறிட்டால் சனம் ஓடத்தானே செய்யும்?

அதற்காக இந்தத் திருட்டை ஏழைகளின் கலகம் என்று கொண்டாடவும் மாட்டோம். எந்தக் குழாயில் எப்போது எது ஓடுகிறது என்று தெரிந்தவன், டேங்கர் லாரி வைத்திருப்பவன், கேள்வி கேட்காமல் வாங்குபவன் எல்லாம் சேர்ந்தால்தான் இந்தத் தொழில் நடக்கும். குழாய்த் துளை வழியே போவது ஐந்தில் ஒரு பங்குதான், மிச்சம் அதிகாரிகளின் உடந்தையோடு நடப்பது என்று 2018 டிசம்பரில் அதிபரே சொன்னார். 2025 மார்ச்சில் தமாவுலிபாஸ் மாநிலத்தில் பிடிபட்டது ஒரு கோடி லிட்டர் டீசல். வேறு சரக்கு என்று கணக்குக் காட்டிக் கப்பலில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இத்தகைய கடத்தல் வழக்கில் கடற்படை அதிகாரிகளே கைதானார்கள்.

2019 ஏப்ரலின் அரசியலமைப்புத் திருத்தம், எரிபொருள் திருட்டு வழக்கில் சிக்கியவரை விசாரணை முடியும்வரை கட்டாயமாகச் சிறையில் வைக்கச் சொல்கிறது. இதை எதிர்க்கிறோம். இந்தக் கட்டாயக் காவல் முறையை மாற்றும்படி அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றமும் 2023இல் தீர்ப்பளித்தது. இப்படிப்பட்ட சட்டத்தில் முதலில் மாட்டுபவர் கேன் சுமந்தவர்தான். வீட்டுக்கு எண்ணெய் பிடித்தவரையும் கும்பல் நடத்துபவரையும் சட்டம் வேறுவேறாகப் பார்க்க வேண்டும். குழாய் ஓடும் ஊர்களுக்கு உதவித்தொகையோடு நிலையான வேலையும் வேண்டும். விசாரணை சுங்கக் கோப்புகளிலும், திருட்டு எண்ணெயை விற்ற பங்க்குகளின் கொள்முதல் கணக்கிலும் தொடங்கட்டும்.