சட்டைப் பையில் உறங்கும் மிஸ்வாக்

உம்ராவிலிருந்து திரும்புவோர் ஜம்ஜம் நீரோடும் பேரீச்சம்பழத்தோடும் நமக்குக் கொண்டுவந்து தரும் அன்பளிப்புகளில் மிஸ்வாக் குச்சிக்கு நிலையான இடமுண்டு. பெற்றுக்கொண்டவர் மகிழ்ந்து சட்டைப் பையில் செருகிக்கொள்கிறார். மாதங்கள் பல கழிந்தும் அதன் நுனி மெல்லப்படாமலேயே இருப்பதை நம் வீடுகளில் காண்கிறோம். அதே பையின் மறுபுறத்தில் பாக்குப் பொட்டலம் இருப்பதையும் கண்டதுண்டு. அக்குச்சியின் பெருமையைச் சொல்லும் வாட்ஸ்அப் செய்திகளோ ஓய்வின்றிச் சுற்றுகின்றன. ‘அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்பது அவற்றின் பல்லவி. எதை நிரூபித்தது, எந்த நிபந்தனையோடு நிரூபித்தது என்று கேட்போர் நம்மில் மிகச் சிலரே.

மிஸ்வாக் பெரும்பாலும் அராக் மரத்தின் வேரிலிருந்து வெட்டப்படுகிறது. தாவரவியலார் அதனைச் சால்வடோரா பெர்சிகா என்பர். சங்கப் பாடல்களில் உகாய் என்று வருவதும் இம்மரமே. உலக சுகாதார நிறுவனம் 1986இல் மிஸ்வாக்கைப் பயன்படுத்தப் பரிந்துரைத்தது உண்மை. வாய்த் தூய்மை குறித்து 2000இல் வெளியான பன்னாட்டு அறிக்கையொன்று, மிஸ்வாக்கின் பலனை உறுதிசெய்ய மேலும் ஆய்வுகள் தேவை என்று கூறியதும் உண்மை. முதற்செய்தி நம் கைப்பேசிக்குத் தவறாமல் வருகிறது. இரண்டாவது ஏனோ வருவதில்லை.

2003இல் வெளியான ஓர் ஆய்வைச் சற்று நின்று பார்ப்போம். நலமுள்ள சவூதி ஆண்கள் பதினைந்து பேர் அதில் பங்கேற்றனர். ஒவ்வொருவரும் சில வாரங்கள் மிஸ்வாக்கையும் சில வாரங்கள் பிரஷ்ஷையும் பயன்படுத்தினர். எதனை முதலில் எடுப்பது என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. இவ்வாறு செய்தால் ஒருவரின் வாயை அவர் வாயோடேயே ஒப்பிடலாம். பற்களைச் சோதித்தவருக்கோ, அவ்வேளையில் அவர் எதனைப் பயன்படுத்தினார் என்பது தெரியாது. தெரிந்தால், தம் விருப்பமே தம் கண்ணை ஏமாற்றிவிடும் அல்லவா? முடிவில், பற்படலத்தையும் ஈறு வீக்கத்தையும் குறைப்பதில் மிஸ்வாக்கே முந்தியது.

மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் ஆய்வாளர்கள் அதனோடு ஒரு நிபந்தனையையும் எழுதிவைத்தனர்: சரியாகப் பயன்படுத்தும் முறையைத் துறைசார்ந்தவர் முதலில் கற்பித்திருந்தால் இப்பலன் கிடைக்கும் என்று. பதினைந்து பேர் என்பது சிறு எண்ணிக்கை என்பதை ஒருபுறம் வைப்போம். கற்றுக்கொண்ட பதினைந்து பேரின் பலனை, கற்றுக்கொள்ளாத நாம் எவ்வாறு நம் கணக்கில் எழுதிக்கொள்ள முடியும்?

சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. மிஸ்வாக் வேரிலுள்ள பென்சைல் ஐசோதயோசயனேட் என்னும் பொருள், ஈறு நோயோடு தொடர்புடைய பாக்டீரியாக்களை ஆய்வுக்கூடத்தில் கொன்றது. எளிதில் காற்றில் ஆவியாகிவிடும் பொருள் அது. ரமலானில் வாங்கி மறு ரமலான் வரை பையில் காய்ந்து கிடக்கும் குச்சியில் அதனை எதிர்பார்ப்பது நியாயமன்று. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1990களின் தொடக்கத்தில் சவூதியில் நடந்த ஆய்வொன்றில், மிஸ்வாக் பயன்படுத்துவோரிடம் ஈறு கீழிறங்குதல் கூடுதலாகக் காணப்பட்டது. கடினமான நுனியால் குறுக்குவாட்டில் அழுத்தித் தேய்த்தால் ஈறு தேயத்தான் செய்யும்.

நமக்கு நெருங்கிய ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். எழுபது வயதைக் கடந்த பாட்டனார் ஐவேளையும் மிஸ்வாக் செய்பவர், பற்கள் உறுதியானவை. அவரைப் பார்த்துப் பேரனும் குச்சியை மென்றான். சுன்னத்தைப் பேணும் பிள்ளை என்று வீடே பூரித்தது. பிரஷ் மூலையில் கிடந்தது. ஆறு வயதில் ஓர் இரவு அவன் வலியால் துடித்தான். கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கவேண்டியதாயிற்று. ‘பால் பல்தானே, விழுந்து முளைக்கும்’ என்று உம்மம்மா தேற்றினார். பாலக் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்து நிலைப்பற்களுக்கு இடம் காத்து நிற்பவை என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. பிள்ளையின் சிறு கையால் குச்சியின் நுனியைக் கடைவாயின் உட்புறத்திற்குக் கொண்டுபோவது அரிது. சொத்தையைத் தடுப்பதில் நெடுங்கால ஆய்வுகளால் உறுதிப்பட்ட ஃபுளோரைடு பற்பசையின் வேலையைக் குச்சி செய்யும் என்பதற்கும் சான்றில்லை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரிசி மணியளவு, ஆறு வயது வரை பட்டாணியளவு பசை போதும். அதனைப் பெரியவரே தேய்த்துவிட வேண்டும்.

இவ்வாறு எழுதுவது சுன்னத்தைக் குறைத்துப் பேசுவதாகும் என்று சிலர் வருந்தக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்திய செயல், ஆய்வுக்கூடத்தின் சான்றிதழுக்காகக் காத்திருக்கவில்லை. பல்லின் அழுக்கை நீக்கும் சொரசொரப்பான எப்பொருளாலும் அந்தச் சுன்னத் நிறைவேறும் என்றும், அராக் குச்சி சிறந்தது என்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் கூறுகின்றன. ஆகவே பிரஷ்ஷும் குச்சியும் பகைவர் அல்லர். குச்சியைப் பையில் வைத்துக்கொண்டு வாயை மறந்துவிடுவதே நமக்கு உறுத்துகிறது.

நோன்பு மாதத்தில் இந்த மறதி இன்னும் கூடுகிறது. பகலில் பசை விழுங்கப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தால் பிரஷ்ஷை முற்றிலும் விட்டுவிடுவோர் உண்டு. நோன்பாளி நண்பகலுக்குப் பின் மிஸ்வாக் செய்வது மக்ரூஹ் என்னும் ஷாஃபிஈ கருத்தைப் பின்பற்றுவோர் மாலையில் குச்சியையும் தொடுவதில்லை. அது அவர்கள் உரிமை. ஆனால் இரவில் தராவீஹுக்குப் பின்னும், ஸஹர் உண்டபின் பாங்கு சொல்வதற்கு முன்னும் இரண்டு நிமிடம் யாருக்குத்தான் கிடைக்காது? ஸஹரில் பேரீச்சம்பழமும் இனிப்புத் தேநீரும் அருந்தி அப்படியே உறங்கினால், அடுத்த இரவு வரை அவ்வினிப்பு பல்லிலேயே தங்கும்.

நம் மதரஸாக்களில் உளூவின் ஃபர்ளுகளை ஒப்புவிக்கச் சொல்கிறோம். மிஸ்வாக்கின் சிறப்பையும் மனப்பாடம் செய்விக்கிறோம். குச்சியைக் கையில் கொடுத்துச் செய்து காட்டுவதில்லை. நுனியில் அரை அங்குலம் தோலைச் சீவி, சற்று நேரம் நீரில் ஊறவைத்து, நார் மென்மையாகும் வரை மென்று, ஈறிலிருந்து பல்லின் முனை நோக்கி மெதுவாகத் தேய்க்கவேண்டும். தேய்ந்த நுனியை வெட்டியெறிந்து புதிதாக்கிக்கொள்ள வேண்டும். ஊரிலுள்ள பல் மருத்துவர் ஒருவரை ஒரு ஜும்ஆ நாளில் அழைத்து, உளூச் செய்யும் இடத்திலேயே பிள்ளைகளை வரிசையாக அமர்த்தி இதைக் கற்பிக்கச் சொல்லலாம். பிரஷ் பிடிக்கும் முறையையும் அவரே காட்டட்டும். பிள்ளைகளோடு வரும் பாட்டனார்களும் வாயைத் திறந்து காட்டினால், பாக்கு செய்துவைத்திருப்பதையும் அவர் அப்பொழுதே பார்த்துவிடுவார்.